இந்த முறை தந்தி வராது

மாதையா,

எழுதுவது உன் தங்கை காவேரியின் கை. பேசுவது நான். கடிதம் என்றால் முதல் வரியில் "இங்கு யாவரும் நலம்" என்று போட வேண்டுமாம். அவள் அதைப் போட்டுவிட்டுத்தான் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அதை அடித்துவிடச் சொன்னேன். "நல்லதா எழுதினத அடிச்சா அண்ணன் பயந்துக்குமுங்கப்பா" என்றாள். "அடி புள்ள, அவன் பயத்தை எடுக்கத்தான் இதையே எழுதறோம்" என்றேன். அதனால் மேலே ஓர் அடித்தல் இருக்கும். அதைப் பார்த்துக் கலங்காதே. பொறுமையாக உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. பரீட்சை முடிகிற வரைக்கும் இந்த வீட்டிலிருந்து உனக்கு வருகிற கடைசிக் கடிதம் இதுதான்.

உன் சிநேகிதன் காதர், அவன் அக்காள் நிக்காவுக்காகத் தர்மபுரி வந்தவன், இண்டூரில் பஸ் இறங்கி நம் வீட்டுக்கும் வந்து போனான். அவன் அப்பா பெங்களூரில் வைத்திருக்கிற புளி மண்டியின் மாடி அறையில் உனக்கு இடம் கொடுத்திருக்கிற பிள்ளை. கல்யாண வீட்டுச் சோற்றைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்திருந்தான். உன் அம்மா நம் கிணற்று மேட்டு வாழையிலையில் அதை எல்லோருக்கும் பரிமாறினாள். சாப்பிட்டு முடிந்ததும், "எம் பையன் எப்படிப் படிக்கறானப்பா?" என்று கேட்டேன். அவன் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "படிக்கறானுங்க மாமா. படிக்கலைன்னு சொன்னா எனக்குச் சோறு செரிக்காது. ஆனா அவன் காது மட்டும் தெருவுலயே கெடக்குதுங்க. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டாப் போதும், புஸ்தகத்தப் போட்டுட்டுப் படியில எறங்கி ஓடறான். எங்கப்பாவுக்கு வர்ற புளி பில்லைக்கூட வாங்கித் திருப்பித் திருப்பிப் பாக்கறானுங்க." சனிக்கிழமை ஆனால் பஸ் பிடித்து நீ இங்கே வருவது என்னைப் பார்க்கிற ஆசையில் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வந்ததும் வாசலில் நின்று முதலில் நான் உட்காருகிற கட்டிலைப் பார்ப்பாய். நான் உட்கார்ந்திருந்தால்தான் செருப்பைக் கழற்றுவாய். அதற்கு அர்த்தம் காதர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மகனே, உன் காதைத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டவன் நான்தான். போன வைகாசியில் நான் கொடுத்த தந்திதான் இன்னும் உன் வாசலில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு நடந்தது எல்லாம் எனக்கு அப்படியே இருக்கிறது. எழுதி வைக்கிறவன் மறந்தாலும் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். எழுத்தறியாத நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? அதனால் மறக்க எனக்கு வழியில்லை. விடியற்காலையில் உன் பெரியப்பா போய்விட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. பந்தல் போடும்போதே பங்காளிகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "மாதையன் வராம எடுக்கக் கூடாது. கொள்ளி வெக்க அவன்தான் ஆளு" என்றார்கள். மறுநாள் காலையில் உனக்குப் பரீட்சை என்று எனக்குத் தெரியும். நீ சொல்லித்தான் போயிருந்தாய். பாறையைப் பற்றிய அந்தப் பெரிய படிப்பில் சேர ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வாசல் என்று சொல்லியிருந்தாய். உன் அம்மாகூட, "நாளைக்குப் பரிச்சைங்களே" என்று மெதுவாகச் சொன்னாள். நான் நாலு பேர் முன்னால் சத்தமாக ஒன்று சொன்னேன்: "பரிச்ச அடுத்த வருசமும் வரும். சாவு வருமா?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பெரிய நியாயத்தைச் சொல்லிவிட்டதாக எனக்கே ஒரு நிமிர்வு வந்தது. இப்போது யோசித்தால் அது தலைகீழாகத் தெரிகிறது. சாவு வாரத்துக்கு ஒரு வீட்டில் வருகிறது. அந்தப் பரீட்சைதான் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது.

நம் பக்கத்தில் செத்துப்போனார் என்று யாரும் தந்தி கொடுப்பதில்லை. வருகிறவன் வழியில் மயங்கி விழுந்துவிடக் கூடாது என்று "சீரியஸ், உடனே புறப்பட்டு வா" என்றுதான் கொடுப்பார்கள். வாங்குகிற வீட்டிலும் சீரியஸ் என்றாலே வாயில் அடித்துக்கொண்டு அழுதுவிடுவார்கள். நானும் அப்படியே கொடுக்கச் சொன்னேன். நீ படித்த பிள்ளை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி நம்பினாய். பெரியப்பா உயிரோடு இருக்கிறார், முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினால் காலையில் பரீட்சைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, பரீட்சைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வந்தாய். இண்டூரில் இறங்கி நடந்து வரும்போது மேளச் சத்தம் கேட்டு ரோட்டிலேயே நின்றுவிட்டாயாம். எதிரே வந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

மறுநாள் காலையில் எடுத்தோம். கொள்ளிச் சட்டியை நீ தூக்கினாய். மொட்டை அடித்து, தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். அப்போது நீ தலையைத் தூக்கிச் சூரியனைப் பார்த்தாய். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை பார்த்தாய். வெயில் தாளாமல் பார்க்கிறாய் என்று நினைத்து, நிழலுக்குள் தள்ளி உட்காரச் சொன்னேன். நீ மணி பார்த்தாய் என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. உன்னோடு உட்கார வேண்டியவர்கள் எந்தக் கேள்வியில் இருப்பார்கள், எப்போது எழுந்திருப்பார்கள் என்று பார்த்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வகையில் சுலபமாக இருந்திருக்கும்.

இதில் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு உன் பெரியப்பாவுக்குப் பேச வாய் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தர்மபுரி தனி ஜில்லா ஆன சமயம், மழை பொய்த்த காலம். மேட்டுக் காட்டில் பூஜை போட்டுக் கிணறு வெட்ட ஆரம்பித்தேன். கொஞ்சத்திலேயே பாறை. வெடி வைத்தேன், பாறை. மறுபடியும் வெடி, மறுபடியும் பாறை. போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, பாதாளம் கண்ணுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கேட்கக் கேட்க எனக்கு வீம்பு ஏறியது. ஊர் பார்க்கத் தேங்காய் உடைத்த இடத்தை எப்படி விடுவது? அப்போது உன் பெரியப்பா விளிம்பில் வந்து நின்று கத்தினார்: "டேய், கல்லுகிட்ட என்னடா வீம்பு? அது உங்கூடப் பேசப் போவுதா? மேல ஏறி வாடா. கீழ மூலையில ஈரம் தெரியுது பாரு." நான் ஏறவில்லை. இன்னொரு கோடையையும் அந்தப் பாறையிலேயே தொலைத்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் கீழ் மூலைக்குப் போனேன். இன்றைக்கு நாம் குடிக்கிற தண்ணீர் அங்கேதான் வந்தது. வெட்டிக் கைவிட்ட அந்த வெறும் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, "இங்க இல்லாத தண்ணி அங்க மட்டும் எப்படிங்கப்பா வந்துச்சு?" என்று நீ கேட்டாய். இன்றைக்கு நீ படிக்கிற படிப்பு முழுக்க அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய வருஷத்துக் கேள்வித்தாளைக் கொடுத்து மணி பார்த்து எழுதச் சொன்னால் நீ ஒரே கேள்வியில் போய் மாட்டிக்கொள்கிறாயாம். அதை முடிக்காமல் அடுத்ததைத் தொடுவதில்லையாம். "சுலபமானத எல்லாம் விட்டுட்டு வராததோடயே மல்லுக்கட்டறானுங்க மாமா, அப்புறம் நேரம் ஆயிடுது" என்றான் காதர். அது என் ரத்தம். வராத கேள்வியை விட்டுவிடுவது தோல்வி அல்ல. முதலில் தாளை முழுக்க ஒரு தடவை பார். ஈரம் தெரிகிற இடத்தில் வெட்டு. தண்ணீர் வந்த பிறகு நேரம் மிச்சமிருந்தால் பாறைக்குத் திரும்பி வா. தேங்காய் உடைத்த இடம் என்று அங்கேயே நிற்காதே. பரீட்சை அறையில் வேடிக்கை பார்க்க யாரும் இல்லை.

இன்னொன்று. உன் சின்ன வயதில் நான் மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைப்பேன். மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும். தண்ணீர்ச் சால் மேலே வரும். நீ வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு பாடம் ஒப்பிப்பாய். நீ சொல்வது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நேற்றுச் சொன்னதற்கும் இன்றைக்குச் சொல்வதற்கும் ஒரு சொல் மாறினால் பிடித்துவிடுவேன். "நேத்து இந்த எடத்துல 'ஆகவே'ன்னு ஒன்னு சொன்ன, இன்னிக்கு அதக் காணோமே?" என்பேன். நீ அழுதுகொண்டே முதலிலிருந்து சொல்வாய். அந்தப் பழக்கம் உன்னைப் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக நிறுத்தியது. அதில் எனக்குப் பெருமை. ஆனால் இந்தப் பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதை அப்படியே கேட்க மாட்டார்களாம். ஒரு மலையை வெட்டிக் காட்டியது போலப் படம் போட்டு, எந்தப் பாறை முந்தி வந்தது, எது பிந்தி வந்தது, ஏன் என்று கேட்பார்களாம். அங்கே 'ஆகவே' மட்டும் இருந்து பிரயோஜனமில்லை. அந்த ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது நீ ஒரு காரியம் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? புத்தகத்தை மூடிவிட்டு, பூமி எப்படி மடிந்து மலையானது என்று எனக்கு நம் பேச்சிலேயே சொல்லிப் பார்த்தாய். சில இடத்தில் எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சில இடத்தில் நான் தூங்கிப்போனேன். நீ சிரித்துக்கொண்டே, நான் தூங்கிய இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போட்டு, அதை மட்டும் மறுபடி படித்தாய். நான் தூங்கியது வயதினால் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அதையே சொன்னபோது தூக்கம் வரவில்லை. இனி அதைக் காதரிடம் செய். அவனுக்குப் புளியைத் தவிர ஒன்றும் தெரியாது. தினம் சாயங்காலம் ஒரு பாடம், புத்தகத்தை மூடிவிட்டு. அவன் கொட்டாவி விட்ட இடத்தில் கோடு போடு. அவனிடம் கேட்டேன். "எனக்கு வர்ற கொட்டாவிக்கு அவன் புஸ்தகமே கோடா ஆயிடுமுங்க மாமா" என்றான். ஆனாலும் சம்மதித்துவிட்டான்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

என் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பொங்கலுக்குப் பிறகு வலி வந்தபோது நீதான் தர்மபுரிக்கு அழைத்துப் போனாய். டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். "பெரியவரே, இது பழைய பஸ்ஸு. ஓடுனா பத்து வருசமும் ஓடும். நின்னா தள்ளி விட ஆள் கெடையாது" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பரீட்சைக்கு முன்னால் பஸ் நின்றாலும் நிற்கலாம். நீ சனிக்கிழமை தோறும் வந்து பார்ப்பதனால் அது ஓடப் போவதில்லை. வருகிற பஸ்ஸில் ஒரு நாள், போகிற பஸ்ஸில் ஒரு நாள், வாரத்தில் இரண்டு நாளை என் கட்டிலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் அந்த வாசல் இல்லை என்று நீயேதான் சொன்னாய்.

அதனால் நான் வீட்டை உன் பரீட்சைக்குத் தயார் செய்துவிட்டேன். பங்காளிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். எனக்கு ஏதாவது ஆனால், பரீட்சை முடிகிற வரைக்கும் பெங்களூருக்குத் தந்தி போகாது. ஆளும் போகாது. காதர் வீட்டுக்கும் சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. நம் பங்காளி சின்னய்யன் மகன் கோவிந்தன் கொள்ளிச் சட்டி தூக்குவான். அவனும் சரி என்றான். "ஊரு என்ன பேசும்?" என்று ஒருவர் ஆரம்பித்தார். "போன வருசம் ஊரு பேச்சக் கேட்டுத்தான் தந்தி குடுத்தேன். ஊரு வந்து எம் பையனுக்குப் பரிச்ச எழுதுச்சா?" என்றேன்.

இந்த இடத்தில் காவேரி எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இத நான் எழுத மாட்டேங்கப்பா" என்று பேனாவை மூடிக் கீழே வைத்தாள். அடுப்படியிலிருந்து உன் அம்மா வந்தாள். "பெத்த புள்ள இருக்கறப்ப அடுத்தவன் கொள்ளி வெக்கறதா? நீங்க அனாதையா? எம் புள்ள நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த ஊட்டுப் படி ஏறுவான்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. இது உனக்கு எத்தனை பெரிய பாரம் என்று எனக்கும் தெரியும். பிறகு உன் அம்மாவே, யாரையும் பார்க்காமல், "அன்னிக்கு அவன் சட்டையத் தொவச்சது நானு" என்றாள். "பையில அந்தச் சீட்டு ஊறிக் கெடந்துச்சு. என்னமோ ஏதோன்னு மொறத்துல வெச்சுக் காய வெச்சேன். காஞ்சதும் கொண்டுபோய்க் குடுத்தேன். வாங்கிப் பாத்துட்டு, 'இனி வேணாம்மா, அடுப்புல போடு'ன்னான்." அப்புறம், "போட மனசு வர்ல. இன்னும் வெச்சிருக்கறேன்" என்றாள். எழுந்து உள்ளே போகும்போது காவேரியிடம், "எழுது புள்ள. சொல்றத எழுது. மொதல்ல நேரத்துக்குத் திங்கறானான்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நேரத்துக்குத் தின்கிறாயா? பரீட்சை அன்றைக்குக் களி தின்றுவிட்டுப் போகாதே, தூக்கம் வரும். முந்தின நாளே போய் அந்த இடத்தையும் உன் பெஞ்சியையும் பார்த்துவிட்டு வா. அன்றைக்குப் படிக்காதே, தூங்கு.

கோவிந்தன் கொள்ளி வைத்தால் உனக்குப் பாவம் வருமோ என்று நினைக்காதே. உயிரோடு இருக்கிற தகப்பன் தன் வாயால், முழு நினைவோடு, உன் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டான். அதற்கு இந்தக் கடிதமே சாட்சி. நாளைக்கு எவனாவது கேட்டால் இதைக் காட்டு. இனி சைக்கிள் மணி கேட்டால் எழுந்திருக்காதே. நம் வீட்டிலிருந்து அதில் ஒன்றும் வராது. கடிதம் வரவில்லையே, ஏதோ நடந்துவிட்டது என்று எண்ணாதே. வரவில்லை, அதனால் எல்லாம் நலம் என்றும் எண்ணாதே. எண்ணவே வேண்டாம் என்பதற்குத்தான் நிறுத்தினேன். பதிலும் போடாதே. சனிக்கிழமை பஸ்ஸுக்கும் வராதே. பரீட்சை முடிந்ததும் முதல் பஸ்ஸில் வா. ரோட்டில் மேளம் கேட்கிறதா என்று நிற்காமல் நேராக வீட்டுக்கு வா. கட்டிலில் நான் உட்கார்ந்திருந்தால் கேள்வித்தாளை எடுத்து எனக்கு நம் பேச்சில் சொல். இல்லாவிட்டால் உன் அம்மாவிடம் சொல். அவளும் தூங்க மாட்டாள்.

முடிக்கிற நேரத்தில் காவேரி மைப்பெட்டியை எடுத்து வந்தாள், என் கைநாட்டுக்கு. வேண்டாம் என்றேன். மையில் நான் வைத்ததெல்லாம் நிலத்துக்கும் கடனுக்கும். இதற்கு மஞ்சள் கொண்டு வா, நாலு மூலையிலும் தடவ வேண்டும் என்றேன். "சாவு சேதி எழுதுன கடுதாசிக்கு யாராச்சும் மஞ்சா தடவுவாங்களா?" என்று கேட்டாள். இதில் என் சாவு ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அவன் பரீட்சை, நல்ல காரியம் என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. உன் அம்மாதான் உள்ளிருந்து வந்தாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே அரைத்திருப்பாள் போலிருக்கிறது. கல்லில் அரைத்த மஞ்சளைக் கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூலைகளில் தடவியது அவள். அடியில் இருக்கிற மஞ்சள் ரேகை என் கட்டைவிரல்.